நாலாம் வரைவில் இறந்தவன்

ஐயா தன்னுடைய புத்தக வேலைக்கு என்னைக் கூப்பிட்டது எனக்கு எழுத வரும் என்பதற்காக இல்லை. ஊர்க் கதை கேட்க வரும் என்பதற்காக.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் வாயிலில் எனக்கு ஒரு ரைப்பிங் கடை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கொம்பியூட்டரை நானே தட்டித் தட்டிப் பழகினேன். கல்யாணக் கார்ட், விசா விண்ணப்பம், செத்த வீட்டு அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலர் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். அடிக்கிற நேரம் ஆட்கள் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு கதைப்பார்கள். எனக்கு அந்தக் கதையில்தான் ருசி. ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப நிரப்ப வந்த ஒரு மனிசன் சொன்னார்: "தங்கச்சி, என்ர பிறந்த திகதி என்ர பெண்சாதிக்கு மறந்தாலும் எம்பசிக்காரனுக்கு மறக்காது." இப்படி ஒன்று கேட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு பிந்தினாலும் பரவாயில்லை என்றிருக்கும்.

ஐயாவின் பிளாட் அதே ஒழுங்கையின் மற்ற முனையில், கடலைப் பார்த்தபடி. பல கட்சியில் நின்றவர். கட்சி மாறுகிறபோதெல்லாம் மக்கள்தான் மாறிவிட்டார்கள் என்று அறிக்கை விடுவார். நான் வேலைக்குப் போன நேரம் பாராளுமன்றத்தில் இல்லை. ஓர் அமைச்சருக்கு ஆலோசகராக இருந்தார். வாசலில் அரசாங்க வாகனம் நின்றது. வாழ்க்கை வரலாறு எழுதவேண்டும் என்ற ஆசை அந்த வாகனத்தோடு வந்ததென்று நினைக்கிறேன்.

வேலை இப்படி நடக்கும். ஐயா நடந்து நடந்து சொல்லுவார், நான் அடிப்பேன். அடித்ததைக் கரையில் நிறைய இடம் விட்டுத் தாளில் எடுத்துக் கொடுப்பேன். அவர் பச்சை மையால் திருத்துவார். பிறகு அது மாஸ்டரிடம் போகும். மாஸ்டர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், ஐயாவின் பள்ளித்தோழர். அவருக்குச் சிவப்பு மை. இரண்டு மையையும் பார்த்து நான் திரும்ப அடித்தால் அது இரண்டாம் வரைவு. அப்படியே மூன்றாம், நாலாம். பழைய வரைவு ஒன்றையும் ஐயா எறிய விடமாட்டார். "ஒரு தாளும் வெளியில போகப்படாது பிள்ளை. நாளைக்கு ஆராய்ச்சிக்காரர் வந்து தேடுவாங்கள்." கொழும்பில் ஒரு நூலகம் தன்னுடைய தாள்களைக் கேட்டிருக்கிறது என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். எழுதியது மட்டுமல்ல, தான் வெட்டியதும் வரலாறுதான் என்று நம்பிய மனிதர்.

அவருடைய பழைய வாக்குகள் பாதிக்கு மேல் கொட்டாஞ்சேனைப் பக்கம். அதனால் ஒரு நாள் சொன்னார்: "நீ அங்க போய்ச் சனத்தோட கதைச்சுக்கொண்டு வா. என்னைப் பற்றி என்ன சொல்லுதுகள் எண்டு பார்ப்பம். அதுகளின்ர பாஷையிலயே ஒரு அத்தியாயம் வைப்பம்."

எனக்குச் சொல்லவா வேண்டும். போனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர், வாயில் வெற்றிலையோடு, "உங்கட ஐயாவா? இங்க ஆரும் செத்தாத்தான் அவரைக் காணலாம். அவரைப் பாக்கிறதுக்காகச் சாகேலுமா?" என்றார். மட்டக்குளியில் மீன் விற்கிற ஒரு பெண் சொன்னாள்: "அவர் கூப்பின கை கூப்பினபடிதான். ஒரு நாளாவது விரிச்சுக் குடுத்ததை நான் காணல்ல." போனில் பதிந்த எல்லாவற்றையும் கொண்டுபோய் ஐயாவுக்குப் போட்டுக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாக் கதைக்குதுகள்," என்றார். "ஒண்டையும் போடாத."

அப்படிப் போன இடத்தில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன்.

கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள் நிறைந்த ஓர் ஒடுக்கமான தோட்டத்தில் வீடு. சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவ. நான் போய் நின்றபோது கடை ஆள் தட்டுகளை எண்ணிக்கொண்டு, "என்னக்கா, இண்டைக்கு இடியப்பம் சின்னனாக் கிடக்கு?" என்றான். அக்கா உரலைத் திருகியபடியே, "உன்ட முதலாளிட மனசை அளவா வச்சுப் பிழிஞ்சன். அவ்வளவுதான் வந்திச்சு," என்றா. எனக்கு அந்த இடத்திலேயே அவவைப் பிடித்துவிட்டது.

ஐயாவின் பெயரைச் சொன்னதும் உரல் நின்றது. பிறகு, மாவைத் திரும்ப நிரப்பிக்கொண்டு சொல்லத் தொடங்கினா. சண்டை முடிகிற காலத்தில் நடந்தது. அவவின் ஒரே மகன் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் நின்றவன். பின்னேரம் வேலை முடிந்து வருகிறபோது, தோட்டத்து முகப்பில் வைத்து ஒரு வான் வண்டியில் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"முதல்ல ஜன்னல் சாத்திற சத்தம்தான் எனக்குக் கேட்டிச்சு தங்கச்சி. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. பிறகுதான் அவன்ட சத்தம்."

அடுத்த நாள் காலை வெள்ளவத்தைக்கு ஓடியிருக்கிறா. ஐயா அப்போது பாராளுமன்றத்தில் இருந்தவர். அவவின் மகன் அவருடைய தேர்தலுக்குப் பசை வாளி தூக்கிப் போஸ்டர் ஒட்டினவன். கேற்றில் நின்றவன், ஐயா குளிக்கிறார் என்றான்.

"நானும் நிண்டன். வெயில் ஏறிச்சு, நிண்டன். அந்தக் கடலை முழுக்க அள்ளி ஊத்தினாலும் ஒரு மனிசன் குளிக்க அவ்வளவு நேரம் போகாது. பிறகு கேற்றுக்காரன் பாவம் பாத்துச் சொன்னான், அவர் பின்பக்கத்தால போயிட்டார் அக்கா எண்டு."

ஒரு படம் தந்தா, அடையாள அட்டைக்கு எடுத்தது. ஒரு காதுப்பக்கம் கொஞ்சம் சரிந்த, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"இதைப் போடு. எல்லாத்தையும் எழுது, கேற்றையும் எழுது. ஆனா ஒண்டு. அவன் இருக்கிறான். எங்க எண்டு தெரியாது, எப்பிடி எண்டு தெரியாது. இருக்கிறான் எண்டு எழுது."

ஏன் அதில் அவ்வளவு பிடிவாதம் என்று நான் கேட்கவில்லை. அவவே சொன்னா. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளும்படி அந்தப் பகுதி அரசாங்க உத்தியோகத்தரான கிராம சேவகர் வருசா வருசம் வந்து கேட்பாராம். எடுத்தால், காணாமற்போனவன் என்று திறந்த அவனுடைய பைலை மூடிவிடுவார்கள். பிறகு தேடு என்று ஒருத்தரையும் கேட்க முடியாது. அதனால் கையெழுத்து வைக்கவில்லை. கோயிலிலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமைப் பூசைக்குப் பெயர் கொடுக்கிறபோது உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தாள், மரித்த ஆன்மாக்களுக்கு ஒரு தாள். "நான் அவனை முதல் தாளிலதான் குடிவச்சிருக்கிறன்," என்றா. வாடகை வீட்டைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னா.

முதல் வரைவில் நான் அவ சொன்னதைச் சொன்னபடியே அடித்தேன். ஜன்னல் சத்தம், வான், குளியல், கேற், பின்கதவு எல்லாம் இருந்தன. பயந்து பயந்துதான் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் பல்கனியில் இருந்து வாசித்தார். சிரிக்கவில்லை. பிறகு பச்சை மையால் கரையில் இரண்டு சொல் எழுதினார்: "உண்மை. பயந்தேன்."

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மனிசனுக்குள் ஒரு மனிசன் இருக்கிறான் என்று எண்ணினேன். அந்த ஆளை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

இரண்டு நாள் கழித்து வேறு முகத்தோடு வந்தார். "பிள்ளை, உந்தக் கேற்றைத் தூக்கு. வாசிக்கிறவன் கேற்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பான்." இரண்டாம் வரைவில் கேற் போனது. அந்தத் தாய் வந்தாள், ஐயா ஆறுதல் சொன்னார் என்று வந்தது.

மூன்றாம் வரைவில் வான் போனது. "வான் எண்டா, ஆற்ற வான் எண்டு கேப்பாங்கள். நான் இப்ப ஆரோட வேலை செய்யிறன் எண்டு உனக்குத் தெரியும்தானே?" தெரியும். வாசலில் நின்ற வாகனம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாலாம் வரைவு மாஸ்டரின் கைவண்ணம். கேற்றும் வானும் போன பிறகு அந்தப் பந்தியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாஸ்டர் சிவப்பு மையால் அழகாக எழுதினார்: "அந்தத் தாய் தன் மகனை இழந்தாள். நான் என் தொண்டனை இழந்தேன்." எழுதிவிட்டு வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தார். "பாத்தீரா, தராசு மாதிரி நிக்குது," என்றார் ஐயாவிடம்.

"ஐயா," என்றேன், "அவ இழக்கேல்ல. இருக்கிறான் எண்டுதான் சொல்லுறா. அதை மட்டும்தான் கேட்டவ."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, அவ இடியப்பம் பிழியிறா. நான் போய் உரலைப் பிடிக்கிறனானே? நீ ரைப் அடிக்கிறாய். உன்ர விரலைப் பிடிக்கிறனானே? எழுதுறது என்ர வேலை. விடு."

மாஸ்டர் சிரித்தார். நான் அடித்தேன்.

அக்கா தந்த படத்தோடு நான் அச்சகத்துக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவர் ஆண்டுக்கணக்காக நினைவு மலர் செய்து கைபழகினவர். தனியாக ஒரு முகம், பக்கத்தில் "இழந்தாள்" என்று ஒரு வரி. அவருக்கு வேறென்ன தோன்றும்? படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டார். கட்டம் போட்டால் பெயருக்கு முன்னால் "அமரர்" தானாக வந்து உட்காரும். நினைவு மலரில் அப்படித்தான். அச்சுக்கு முதல் மாஸ்டர் எழுத்துப்பிழை பார்த்தார். ஒன்றும் இல்லை என்று பெருமைப்பட்டார். ஐயா தன்னுடைய படங்கள் கறுக்காமல் வந்திருக்கின்றனவா என்று பார்த்தார். வரைவு வரைவாகப் பார்த்தால் முதலில் கேற், பிறகு வான், பிறகு ஆள். எவருக்கும் அவனைக் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாய் ஒதுங்கினார்கள், அவன் செத்துப்போனான்.

வெளியீட்டு விழா வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஆட்களின் விழாக்களில் சிறப்புப் பிரதி என்று ஒன்றுண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மேடையேறி, புத்தகத்தை நூலாசிரியர் கையால் வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு இறங்கவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து கோயில் பங்குச் சபைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. அந்தப் பங்குச் சபைக்காரர் நல்ல மனிசர். அதுதான் வினை. புத்தகத்தை முழுதாக வாசித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். கறுப்புக் கட்டத்தைக் கண்டார், மனம் உருகினார். பூசைத் தாள் எழுதுகிற பொறுப்பு அவருடையது. பாவம் அந்தத் தாய், வாய் திறந்து சொல்ல முடியாமல் முதல் தாளிலேயே கொடுக்கிறா என்று நினைத்து, பெயரைத் தன் கையாலேயே இரண்டாம் தாளுக்கு மாற்றினார்.

பூசையில், மரித்தவர்களின் பெயர்கள் நடுவில், மகனின் பெயரை அக்கா கேட்டா.

எனக்கு அவவே வந்து சொன்னா, கடைக் கதிரையில் இருந்துகொண்டு. எழும்பி நின்று, "பாதர், அவன் சாகல்ல! வாசிச்சதைத் திருப்பி எடுங்க!" என்று கத்தியிருக்கிறா. சுவாமியார் தாளைப் பார்த்துத் திகைத்து, மன்னிப்புக் கேட்டு, அந்த நிமிசமே பெயரை மாற்றி வாசித்துவிட்டார். ஆனால் சனத்தின் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

"பின்னேரமே செத்த வீட்டுக்குப் போல சீனியும் தேயிலையும் கொண்டு வந்திட்டாளுகள் தங்கச்சி. பாவம் பாவம் எண்டு சொல்ல அவளுகளுக்கு எவ்வளவு நாள் ஆசை! வாய்க்குள்ளயே வச்சுப் புளிச்சுப்போய்க் கிடந்திருக்கு. எவனோ தோட்டத்து வாசல்ல வெள்ளைக்கொடியும் கட்டிட்டான்."

"என்ன செய்தீங்க?"

"கழட்டினன். நல்ல துணி. இடியப்பப் பானைக்கு மூடக் கிடக்கு."

சிரிக்க ஏலாமல் சிரித்தோம். பிறகு அவ பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் மேசையில் போட்டா. கிராம சேவகரும் வந்துவிட்டாராம், அந்தப் பக்கத்தின் போட்டோக்கொப்பியோடு. யாரோ நல்லது செய்வதாக நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். "தங் அத்சன் கரன்ன அம்மே," இனிக் கையெழுத்து வையுங்கள் அம்மா என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னாராம். உங்களுடைய பெரிய மனிசரே எழுதிவிட்டாரே. அது தவறு என்று அவரே எழுதித் தந்தால் பைல் திறந்திருக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூடவேண்டும் என்றாராம்.

"உன்ட ஐயாட்டக் கூட்டிக்கொண்டு போ," என்றா அக்கா.

நாங்கள் போனபோது பிளாட் முழுக்கக் காட்போட் பெட்டிகள். நூலகத்துக்குப் போகவேண்டிய வரைவுகளை நானே இரண்டு கிழமையாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பெட்டிகளுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஐயா எழும்பிக் கை கூப்பினார்.

"வாங்கோ அம்மா, வாங்கோ. இருங்கோ."

அக்கா இருக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தா. "குளிச்சு முடிச்சிட்டீங்களா ஐயா?"

ஐயாவுக்கு விளங்கியது. மாஸ்டருக்கு விளங்கவில்லை, "ஐயா விடியவே குளிப்பார்," என்றார்.

புத்தகத்தை விரித்துக் காட்டினா. ஐயா அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "சீ... இது அச்சகத்தின்ர பிழை அம்மா. என்ர பிழை இல்லை. இரண்டாம் பதிப்பில கட்டாயம் திருத்துவம்."

"அது எப்ப வரும்?"

"முதற்பதிப்பு முடியவேணுமே."

"அதுவரைக்கும் அவன் செத்தே கிடக்கவா?"

மாஸ்டர் சமாதானம் செய்யப் பார்த்தார். "அம்மா, அமரர் எண்டா அவ்வளவு கெட்ட சொல் இல்லை. சாவில்லாதவர், தேவர் எண்டுதான் கருத்து. ஒரு விதத்தில உங்கட மகனுக்கு அது..."

"அப்ப உங்கட பேருக்கு முன்னால போடுங்க மாஸ்டர்," என்றா அக்கா. "இண்டைக்கே போடுங்க. நான் வந்து கும்பிடுறன்."

மாஸ்டர் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான்தான் முதல் வரைவைப் பற்றிச் சொன்னேன். அதில் எல்லாம் சரியாக இருக்கிறதே ஐயா, உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறதே என்றேன். ஐயாவின் முகம் மலர்ந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், பெருமை வந்தது. தானே பெட்டியைத் திறந்து, தானே அந்தத் தாள்களை எடுத்து, மேசையில் விரித்தார். "பாருங்கோ அம்மா. நீங்கள் சொன்ன ஒரு சொல்லையும் நான் எறியேல்ல. ஜன்னல், வான், எல்லாம் இருக்குது. எவ்வளவு பத்திரமாய் இருக்குது எண்டு பாருங்கோ."

அக்கா விரல் வைத்து வாசித்தா. பச்சை மையில் விரல் நின்றது. உண்மை. பயந்தேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தா. அவர் அந்த இரண்டு சொல்லையும் வேறு யாரோ எழுதியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தாளைத் தாங்க ஐயா. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

அவர் தாளை மெதுவாக அவவின் விரலுக்குக் கீழிருந்து இழுத்தார். "இது இனி என்ர இல்லையம்மா. நூலகத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. நான் கண்மூடி இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு ஆரும் வந்து பாக்கலாம்."

"எனக்கு அப்ப என்ன வயசு வரும்?"

ஐயா யோசித்தார். உண்மையாகவே மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். பிறகு, "வராதம்மா," என்றார்.

தாள் பெட்டிக்குள் போனது. தேத்தண்ணீர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஐயா தானாகவே ஒரு வழி சொன்னார். எங்கள் புத்தகங்களில் பிழை திருத்தம் என்று ஒரு சின்னத் தாள் வைக்கிற வழக்கம் உண்டுதானே. அப்படி ஒன்று அடிக்கலாம். ஆனால் செத்தவன் செத்தவனில்லை என்று வெறுமனே போட்டால் சனம் கேள்வி கேட்கும். அப்படியானால் அவன் எங்கே, இவர் என்ன செய்தார் என்று கேட்கும். "அதால நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவேணும் அம்மா. சேர்ந்து போடுவம்."

நடந்து நடந்து சொன்னார். நான் அடித்தேன். முதல் வரி, படத்தில் இருப்பவர் இறந்தவரல்ல, தேடப்படுகிறவர் என்பது. இரண்டாம் வரி, மகனைத் தேடுவதற்கு ஐயா அவர்கள் இரவு பகலாக எடுத்த முயற்சிகளைத் தாயார் நன்றியோடு நினைவுகூருகிறார் என்பது. கீழே அவவின் கையெழுத்து.

"இரவு பகலாவா?" என்றா அக்கா.

"அது ஒரு பேச்சுக்கு அம்மா."

அவ என்னைப் பார்த்தா. நான் தாளைப் பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தேன். ஐயா பச்சைப் பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினார். அக்கா வாங்கி, குனிந்து, அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதினா. ஐயா கையெழுத்தை ஊதிக் காயவைத்து, "மெத்த நல்லது," என்றார். தனக்கும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

லிஃப்ட்டில் இறங்குகிறபோது அக்கா சொன்னா: "பொய் சொன்னதுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு, சாமியாரிட்டச் சொல்லலாம். பிள்ளையைச் சாகக் குடுத்திட்டு எங்க போய் என்னத்தைச் சொல்ல?"

ஐயா சொன்னபடி தாள்களை அச்சடித்தார். ஆனால் புத்தகங்களுக்குள் வைக்க ஆள் இல்லை என்றார். தாள்களைக் கட்டோடு அக்காவிடம் கொடுத்துவிட்டார். அவ அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, "தங்கச்சி, அந்தத் தாள் வெட்டிற சாமானைக் கொஞ்சம் தா," என்றா. நன்றி சொல்லுகிற பாதியை வெட்டினா. ஒன்றொன்றாக இல்லை, கட்டுக் கட்டாக. கீழ்ப்பாதிகள் என் மேசைக்கடியில் குவிந்தன.

"ஐயா கண்டால்?" என்றேன்.

"கண்டா என்ன? கையெழுத்து வச்சது ஒரு தாள்லதானே. அதை அவர் வச்சிருக்கட்டும். ஊருக்கு நான் இதைக் குடுக்கிறன்."

கொட்டாஞ்சேனையில் அந்தப் புத்தகம் இருந்த வீடெல்லாம் ஏறி, கறுப்புக் கட்டத்துக்கு மேலேயே ஒட்டினா. பங்குச் சபைக்காரர் தன்னுடைய பிரதியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாராம், மனிசன் பயந்துவிட்டார். கிராண்ட்பாஸில் ஒருவர் தன்னுடைய புத்தகத்தைப் பழுதாக்க விடமாட்டேன் என்றாராம். "உங்கட புத்தகத்தில என்ட மகனைப் பழுதாக்கிப்போட்டுக் கதைக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டு ஒட்டினாவாம்.

கடைசியாகக் கிராம சேவகர். அவர் வெட்டின தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் அம்மா, கையெழுத்து எங்கே என்றார். கையெழுத்து உள்ள மூலத்தாள் வேண்டும்.

மூலத்தாள் பெட்டியோடு போய்விட்டது. மாதம் முடிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் நூலகத்துக்குப் போனோம். குளிர் அறை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டா. மேசையில் இருந்த பெண்பிள்ளை நல்ல பிள்ளை, இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தாள். வரைவுகள் பூட்டியிருக்கின்றன, தந்தவரின் விருப்பம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். பிறகு கொம்பியூட்டரைப் பார்த்து முகம் தெளிந்து, "ஆனா ஒரு கோப்பு மட்டும் இப்பவே ஆக்கள் பாக்கலாம் எண்டு ஐயா திறந்து விட்டிருக்கிறார், அம்மா," என்றாள். கோப்பின் தலைப்பு: மக்களின் நன்றிகள்.

அதில் மேலேயே இருந்தது அக்காவின் தாள். முழுதாக, இரண்டு வரியோடும், பச்சைக் கையெழுத்தோடும். போட்டோக்கொப்பி எடுத்து, நூலகத்தின் முத்திரை குத்தி, கடித உறையில் போட்டுத் தந்தாள். "நல்ல மனிசர் என்ன," என்றாள்.

அன்றைக்கே கிராம சேவகரிடம் போனோம். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வாசிக்க வரும். எழுத்துக் கூட்டி வாசித்தார். முதல் வரிக்குத் தலையாட்டினார். பைல் மூடவில்லை. மரணச் சான்றிதழ்த் தாளைத் திரும்ப மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு இரண்டாம் வரிக்கு வந்தார். அதையும் வாசித்தார். பேனையை எடுத்து பைலின் முதல் பக்கத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் மாத்தயா என்று நான் கேட்டேன். வாசித்துக் காட்டினார்: பாராளுமன்ற உறுப்பினர் நேரடியாகத் தலையிட்டு எல்லா விதமாகவும் தேடியிருக்கிறார், பலன் இல்லை, தாயாரே உறுதிப்படுத்துகிறார்.

"அம்மாவுக்கு இப்ப சந்தோசம்தானே?" என்றார் தமிழில்.

"ஓம் ஐயா," என்றா அக்கா. "பெரிய உபகாரம்."

வெளியில் வந்து பஸ் தரிப்பில் நின்றோம். ஒரு பஸ் வந்தது, அவ ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை.

"இருக்கிறான் எண்டு எழுதியாச்சு," என்றா. "தேடியாச்சு எண்டும் எழுதியாச்சு. இனி அவனை ஆர் தங்கச்சி தேடப்போறாங்க?"

அடுத்த பஸ்ஸில் அவவை ஜன்னல் பக்கம் ஏற்றிவிட்டு, நான் கடைக்குத் திரும்பி, மேசைக்கடியில் குவிந்து கிடந்த நன்றிப் பாதிகளைக் கூட்டி அள்ளினேன்.